சந்தனத்தின் அடியில் இன்னொரு பெயர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த நாகப்பனின் பட்டறை, குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் இன்குபேட்டர்களைச் செய்து வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பெட்டிகள் வேனில் ஏறிவிட்டன. தரச் சான்றில் பொறியாளர் மதிவதனி கையெழுத்திடுவது ஒன்றே பாக்கி.

அவளோ ஸ்டோரில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் பொறுப்பாளர் கன்னியப்பன், லேத்து, தராசு, பூட்டு என எல்லாவற்றிற்கும் பொட்டு வைத்தவர், தட்டில் மீந்திருந்த, இன்குபேட்டரின் சூட்டை அளக்கும் மின்னணுச் சிப்புகளையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம்.

“அண்ணே, சாமிக்கு எதனா மிச்சம் வெச்சீங்களா?”

“சூட்ட அளக்குறதே அதுதான மேடம். அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?”

ஒரு சிப்பை எடுத்து, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சந்தனம் போயிற்று. அதனோடு கறுப்புப் பூச்சும், அச்சிட்டிருந்த பெயரும் போயின. அசல் சிப்பில் அச்சு அப்படிப் போகாது. மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தாள். உழுத நிலம்போல் தேய்த்த கோடுகள். அவற்றின் அடியில், அழிய மறுத்த வேறொரு பெயர், வேறோர் எண். வாய் இருந்திருந்தால் அந்தத் துணுக்கு, ‘நான் அவனில்லை, அம்மா’ என்றிருக்கும். எந்தக் குப்பையில் கிடந்த பழைய கருவியிலிருந்து கழற்றியதோ. எந்தக் கை இத்தனை நேர்த்தியாகத் தேய்த்துப் பூசியதோ. வேனில் இருந்த பெட்டிகளுக்குள்ளும் இதே சரக்குதான்.

சேதி கேட்டு நாகப்பன் வந்தார்.

“டெஸ்ட்ல எல்லாம் பாஸ்தானம்மா. நீதான பண்ண. ஓடுறத யாராச்சும் நிறுத்துவாங்களா? டாக்டர் காத்துகினு கீறாரு.”

“இன்னிக்கு ஓடும் சார். எப்போ தப்பா சொல்லும்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களே பாருங்க.”

தகடு வெட்டும் தொழிலாளியாகத் தொடங்கிய நாகப்பன், இத்தனை ஆண்டுகளில் அந்த மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“இத்தினிக்கூண்டு... இதுவா கொயந்தைக்கு எவ்ளோ சூடுன்னு சொல்லுது?”

“இது சொல்றத வெச்சுத்தான் சார் ஹீட்டர் எரியுது.”

கருவறையில் பேசுபவரைப்போல் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. வேனிலிருந்து எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

“டாக்டர், பொட்டி இன்னிக்கு வராதுங்க. இல்ல, கெட்டுப் போவல. நல்லாத்தான் ஓடுது. அதான் பயமா கீது.”