பின்தண்டுக்காரர்

ஆதிகேசவன் குளத்துக்குள் இறங்குவதைப் பார்த்ததும் நீலாம்பாளுக்கு வயிறு எரிந்தது. செவிலிமேட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் நீச்சல் குளத்தில், பார்க்கின்சன் வந்து கைகால் உதறுகிறவர்களுக்குத் தண்ணீருக்குள்ளேயே உடற்பயிற்சி நடக்கிறது. விழுந்தாலும் அடிபடாது என்கிற தைரியத்தில், தரையில் எடுத்து வைக்கத் தயங்குகிற காலை அவள் வீட்டுக்காரர் சபாபதி இங்கே வீசி வைப்பார். அந்த நடையைப் பார்க்கத்தான் அவள் துண்டும் ஃபிளாஸ்குமாக ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆளுக்கு வேறு குளமே கிடைக்கவில்லையா?

சபாபதியும் ஆதிகேசவனும் ஒரே தெரு. சாமி புறப்பாட்டில் பல்லக்கின் ஒரே தண்டுக்குத் தோள் கொடுத்தவர்கள். முன்தண்டு சபாபதி, பின்தண்டு ஆதிகேசவன். முன்னால் போகிறவர் நடையை வைத்துத்தான் பின்னால் இருப்பவர் கால் போகும். ஒரு பங்குனி உற்சவத்தில், தேரடித் திருப்பத்தில் சபாபதியின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. சாமி ஒரு பக்கம் சாய்ந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் ஆதிகேசவன் கத்தினார்.

"குடிச்சிட்டு வந்து சாமி தூக்கறான்யா! வெளிய தள்ளுங்கடா அவனை!"

விரதம் இருந்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போன மனுஷன். வியாதிக்குப் பேர் தெரிய வெகுநாள் ஆனது. அதற்குள் ஊர் வாய் அவரைக் குடிகாரனாக்கி முடித்துவிட்டது. அப்புறம் யாரும் தண்டைத் தொடவிடவில்லை. நான் சொன்னது தப்பு என்று ஆதிகேசவன் நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இப்போது அதே வியாதி அவருக்கும்.

"நல்லா வேணும்," என்றாள் நீலாம்பாள், பக்கத்தில் நின்ற ஆதிகேசவனின் மருமகள் துளசி காதில் விழும்படியே.

பயிற்சி கொடுக்கும் சந்தியாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மிதக்கும் நீளமான ஸ்பாஞ்சுக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நீங்க முன்னாடி," என்றாள் சபாபதியிடம். "சார், நீங்க பின்னாடி. தோள்ல வச்சிக்கினு சேந்து ஸ்டெப் வைக்கணும்."

நெஞ்சளவு தண்ணீர். வியாதியால் இறுகிப்போன சபாபதியின் முகம் இன்னும் இறுகியது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் வைக்க, பின்னால் ஆதிகேசவனும் வைத்தார். பழகின தோள் மறக்கவில்லை. அதுவே நீலாம்பாளுக்கு எரிச்சலாக இருந்தது. பாதிக் குளத்தில் குழாய் நின்றுவிட்டது. ஆதிகேசவனின் கால் ஒட்டிக்கொண்டது. சந்தியா ஒன், டூ என்று எண்ணிப் பார்த்தாள். அசையவில்லை.

"இன்னா, குடிச்சிட்டு வந்துக்கிறாரா?" கரையிலிருந்து நீலாம்பாள் கத்தினாள். "வெளிய தள்ளுங்கமா அவரை!"

குளமே திரும்பிப் பார்த்தது. துளசி பாய்ந்தாள். "வியாதிக்காரரைப் போயி இன்னா பேச்சு அத்தை இது?"

"என் வூட்டுக்காரருக்கு மட்டும் இன்னா, கொழுப்பா இருந்துச்சு?"

"அம்மா, ப்ளீஸ்," என்றாள் சந்தியா. "அப்பா, நீங்க ஒரு ஸ்டெப் வைங்க. அவரு தானா வந்துடுவாரு."

சபாபதி வைக்கவில்லை. அது ஒட்டிக்கொண்ட கால் இல்லை, வேண்டுமென்றே நிற்கிற கால். கட்டினவளுக்குத் தெரியாதா?

"சொல்லு கேசவா," என்றார், திரும்பாமலே. சத்தமாகப் பேசச் சொல்லி சந்தியா எத்தனை கெஞ்சியும் வராத குரல் இப்போது வந்தது. "அன்னைக்கி நான் குடிக்கலன்னு சொல்லிட்டு வா."

ஆதிகேசவனின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த வியாதி குரலையும் தின்றுவிடும்.

"சத்தமா!" என்றாள் நீலாம்பாள்.

மறுபடி வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல்கிறாரா, திட்டுகிறாரா?

"அதான் சொல்லிட்டாரே, வுடுங்க," என்றாள் துளசி.

"உனக்குக் கேட்டுச்சா?"

துளசி மாமனாரின் வாயையே பார்த்தாள். சபாபதி குழாயைத் தோளில் தாங்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

நீலாம்பாள் துண்டைக் கீழே போட்டாள். செருப்பை உதறிவிட்டு, இத்தனை நாளில் ஒரு தடவையும் நனையாத காலை முதல் படியில் வைத்தாள்.

"அம்மா, பொடவையோட எறங்காதீங்க!"

இடுப்பளவு வந்ததும் புடவை உப்பி அவளைச் சுற்றி மிதந்தது. அதைக் கையால் அமுக்கிக்கொண்டே போய், ஆதிகேசவன் வாய்க்கு நேராகத் தன் காதைக் கொடுத்தாள்.

"இப்ப சொல்லுயா."

அவருடைய மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டது.