வயிறு நிறைய

நுண்ணோக்கியின் கீழே புழுக்குஞ்சுகள் பச்சையாக மின்னின. முட்டையிலிருந்து வந்ததுமே பட்டினி போட்டு, வளராமல் நிறுத்தி வைத்து, நேற்றுதான் தீனி வைத்திருந்தாள். பசியில் பொடிப்பொடியாக உடைந்து கிடந்த மைட்டோகாண்ட்ரியாக்கள், உயிருக்குத் தெம்பு சமைக்கும் அந்தக் குட்டி அடுப்புகள், இன்று கைகோத்து நீள நீளமாக ஓடின. இனி வளர்ந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு இது அலுத்ததில்லை. தீனி கண்டும் எழாத சில புழுக்கள் தட்டின் ஓரத்தில் கிடந்தன. வழக்கம்போல அவற்றை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தாள்.

ஆய்வகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனைவி செத்ததிலிருந்து குடியே கதியென்று கிடந்த அண்ணன், பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பூட்டை உடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வயதுப் பெண், எலும்பும் தோலுமாக இருந்தாள். அத்தையைக் கண்டதும் அழுதாள். அழக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை.

"பாவம் பாக்காதீங்கம்மா. கேட்டாலும் ரெண்டு கரண்டி பாலுக்கு மேல வேணாம். காஞ்சு போன உடம்பு தாங்காது" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பசித்த பிள்ளைக்கு அளந்து ஊற்றுவதாவது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்த உயிர் எப்படி எழும் என்று தன்னைவிட யாருக்குத் தெரியும்? திரையை இழுத்துவிட்டு, கடையில் வாங்கிய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். குழந்தை ஆவென்று வாங்கிக்கொண்டே இருந்தது. கிண்ணம் காலியானதும் அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் நெஞ்சு நிறைந்துபோனது.

விடிவதற்குள் குழந்தையின் கால்கள் வீங்கின. மூச்சு இளைத்தது.

"என்ன குடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வயிறு நிறையக் குடுத்தேன்."

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர்தான் சொன்னார். காய்ந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் தாது உப்புகளையெல்லாம் உடம்பு உறிஞ்சிக்கொள்ளுமாம். இதயத்துக்கு ஒன்றும் மிஞ்சாதாம். பிழைக்குமா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அவளுக்குத் தட்டின் ஓரத்தில் தள்ளிவிட்ட புழுக்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒருநாளும் அவற்றை அவள் எண்ணியதில்லை.

மதியம் ஒரு நிமிடம் தீவிர சிகிச்சை அறைக்குள் விட்டார்கள். மூக்கிலும் கையிலும் குழாய்கள். அவள் கட்டிலருகே போய் நின்றாள். குழந்தை கண்ணை மெல்லத் திறந்தது. அத்தையைத் தெரிந்துகொண்டு, ஆவென்று வாயைத் திறந்தது.