முதல் பந்தியில் நான்காவது இலை

சூர்யகலா ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மாதிரி வேலைகளில் எங்கள் வீட்டில் என் பங்கு அவ்வளவுதான். அவள் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நான் பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பவன். வரையத் தெரியும். வரைகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

"லைட்ட உள்ள காட்டுங்க. என் மூஞ்சிக்கு எதுக்கு? கல்யாணப் பொண்ணா நானு?"

இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரில் இடமில்லை. மயில் முந்தி ஒன்றை வரைந்து முடித்து சேமிக்கப் போனால் முடியாது என்று அடம்பிடித்தது. திங்கட்கிழமை காலை அது தறிக்குப் போயாக வேண்டும். பழைய டிசைன்களில் சிலதை அழித்துவிடுங்கள் என்று சூர்யகலா சொல்லிப் பார்த்தாள். எதை அழிப்பது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றைக்கூட அழிக்காமல் எழுந்து வந்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ராஜ்குமார் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னாராம்.

முதல் தடவை போட்டபோது அந்த டிஸ்க் திரையில் வரவேயில்லை. மறுபடி பெட்டியைத் திறந்தாள். கரண்ட் வயர் பாதிதான் நுழைந்திருந்தது. ஊதித் தூசியைத் தட்டிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினாள். இந்தத் தடவை வந்துவிட்டது. உள்ளே வரிசையாக ஃபோல்டர்கள், எல்லாம் கல்யாணங்கள், பேரும் தேதியும் போட்டு.

"பாக்காதீங்க. ஊரார் வூட்டுப் படம் நமக்கெதுக்கு? ஃபார்மேட் பண்ணிடறேன்."

"இரு, இரு. அது நம்ம பேரு மாதிரி கீது."

எங்கள் பேர்தான். ஹேமநாத், சூர்யகலா, 2013.

எங்கள் கல்யாணத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்துப் பழகினவர்கள். அவள் அப்பா வேணுகோபால் வெம்பாக்கம் பக்கத்தில் விவசாயம் செய்கிறவர். வேறு சாதிக்காரன் என்று என் முகத்தைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். தன் வீட்டிலிருந்து ஒரு ஆளும் அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லி, தன் மனைவியையும் தடுத்துவிட்டார். மேடையில் பெண்ணைப் பெற்றவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் என் மாமாவும் அத்தையும் நின்றார்கள். எங்களுக்கு மகள் பிறந்த பிறகு அவர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து வாசலில் நின்றார். அதிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறார். சூர்யகலா காபி கொடுப்பாள், சோறு போடுவாள். ஆனால் பேச்சு கொஞ்சம் தடித்தால் போதும், "கல்யாணத்துக்கு வராதவருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிடுவாள். அவர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார். குற்றவுணர்ச்சி என்று நினைத்துக்கொள்வேன்.

ராஜ்குமார்தான் எங்கள் கல்யாணத்தையும் படம் எடுத்தவர். அவர் அன்று எங்களுக்குக் கொடுத்த சி.டி.யில் முகூர்த்தமும் மேடையும் மட்டும்தான் இருந்தன. இங்கே வெட்டாத வீடியோ மொத்தமும் இருந்தது. என் மீசையைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கண் மை கன்னம் வரை வந்திருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அப்புறம் சாப்பாட்டுக் கூடம் வந்தது. முதல் பந்தி. கேமரா இலை இலையாக நகர்ந்தது. என் சித்தப்பா, பெரியம்மா, தறிக்கார நண்பர் ஒருவர். நான்காவது இலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சூர்யகலாவின் சிரிப்பு நின்றது.

கேமரா கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அது மறுபடி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்து, பாயசம் ஒட்டிய காலி டம்ளரை மறுபடி நீட்டிக்கொண்டிருந்தார். வேணுகோபால்தான். என் உறவுக்காரர்கள் யாரும் அதற்கு முன்பு அவரைப் பார்த்ததில்லை. அவர்தான் பெண்ணின் அப்பா என்று யாருக்குத் தெரியும்?

"பக்கத்துல இருக்கறவர் கூட பேசிகினு சாப்புட்றாரு" என்றாள். வீடியோவை நிறுத்திவிட்டு, "இத்தன வருஷமா நான் சொல்லிகினே கீறேன். ஒரு வாட்டி வாயத் தொறக்கலயே" என்றாள்.

அவள் அழவில்லை. மற்ற ஃபோல்டர்கள் எதையும் திறந்து பார்க்காமல் ஒவ்வொன்றாக அழித்தாள். எங்களுடையதை மட்டும் விட்டாள். என் மயில் முந்தியைச் சேமித்துக் கொடுத்தாள். பெட்டியின் தகட்டை மூடி நான்கு திருகையும் முடுக்கினாள். செய்ய வேறு வேலை எதுவும் இல்லை என்றானதும் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, பாப்பா நல்லா கீதா?" பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"நல்லா கீது. அப்பா, எங்க கல்யாணத்தன்னிக்கு பாயசம் எப்படி இருந்திச்சி?"

மோட்டார் சத்தம் விலகிப்போனது; தள்ளி வந்துவிட்டார் போலிருக்கிறது.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. வீடியோல பாத்தேன். ரெண்டாவது வாட்டி வாங்கறீங்க."

"ஜவ்வரிசி நல்லா வெந்திருந்திச்சி."

சூர்யகலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மேடைக்கு ஏன் வரல?"

"வர்றதுக்குத்தான் வந்தேன். படிக்கட்டு வரைக்கும் வந்தேன். உங்கம்மா அன்னிக்கு எப்படி அழுதுகினு இருந்தா தெரியுமா? போவக் கூடாதுன்னு அவள வூட்ல உக்கார வெச்சிட்டு, நான் மட்டும் வந்து உன் பக்கத்துல நிக்கறதா? கால் வரல. செய்யாறு வரைக்கும் போய்ட்டு வரேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. உன்னாண்ட சொன்னா அவ காதுக்குப் போவாதா?"

"அதுக்காவ நான் பேசறதெல்லாம் கேட்டுகினு இருந்தீங்களா?"

"நீதான பேசன. பேசட்டும்னு உட்டுட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் குரல் அவசரமானது.

"ஐயோ, மடை ஒடைச்சிகினு போவுது. இரு கண்ணு, வெச்சிடாத."

போனை வரப்பில் வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது. மண்வெட்டி சேற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. ஈர மண்ணை அள்ளி அப்புகிற சத்தம். சூர்யகலா கீபோர்டை ஒதுக்கிவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்து, போனைக் காதோரம் இழுத்துக்கொண்டாள். தூரத்தில் அவர் மூச்சு வாங்கினார். தண்ணீர் கொஞ்ச நேரம் இரைந்து ஓடியது, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வேறு பக்கம் போகத் தொடங்கியது.