பத்தாவது பெயர்

பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது என் ரேங்க் பதினான்கு. எங்கள் வருடத்தில் இருநூற்று நாற்பது பேர். டெக்சஸில் அப்போது இருந்த விதிப்படி ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் வரும் நூற்றுக்கு ஆறு பேருக்கு ஆஸ்டினில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். இருநூற்று நாற்பதில் ஆறு சதவீதம் என்றால் பதினான்கு. கடைசி நாற்காலி என்னுடையது. அந்த வருடம் முடியும்போது எந்த எண்ணில் நிற்கிறேனோ, அதுதான் கணக்கு.

என் தோழி நொயெமியின் ரேங்க் முப்பத்தொன்று. அவள் என்னைவிடப் புத்திசாலி என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் பள்ளியின் பேண்ட் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தாள். கல்லூரித் தரத்துப் பாடங்களுக்கு ரேங்க் கணக்கில் கூடுதல் மதிப்பு உண்டு. பேண்டுக்கு அது கிடையாது, அதனால் அதில் நூறு வாங்கினாலும் சராசரி இறங்கும். "நூறு வாங்கி நாசமாப் போனவ நான் ஒருத்திதான்டி" என்று சிரிப்பாள்.

அவள் அப்பா பாசனக் கால்வாய்களில் மதகு திறந்து மூடுகிற வேலை பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவர் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீரைப் பார்த்தவள் அவள். தண்ணீர் ஏன் இந்த வேகத்தில் போகிறது, மதகை ஒரு விரல் கூடுதலாகத் தூக்கினால் எத்தனை ஏக்கர் நனையும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பாள். இஞ்சினியர் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டாள். "கால்வாய் கட்டணும்" என்பாள்.

எங்கள் பள்ளியில் கல்லூரித் தரத்து இயற்பியல் வகுப்பு இல்லை. பால்தேராஸ் சார் இரண்டு வருடமாக அதற்காக அலுவலகத்தோடு மல்லுக்கட்டினார். பத்து பேர் சேர்ந்தால் நடத்தலாம் என்று கடைசியில் சொன்னார்கள். நொயெமி ஒரு தாளை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போனாள். கெஞ்சினாள், கிண்டல் பண்ணினாள், ஒருவனுக்கு ஒரு மாதம் கணக்குப் பாடம் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்தாள். ஒன்பது பெயர் சேர்ந்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

"உன்னைக் கடைசியாத்தான் கேக்குறேன். ஏன் தெரியுமா? நீ மாட்டேன்னு சொல்ல மாட்ட."

நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. பால்தேராஸ் சார் ஒரு சாய்வுப் பலகையில் சின்ன வண்டியை உருளவிட்டு, அது தரையில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடச் சொன்னார். நான் போட்ட கணக்குப்படி தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். வண்டி வந்து அந்தக் கோட்டின் மேலேயே நின்றது. நொயெமி என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். படிப்பில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மூன்றாவது வாரம் முதல் தேர்வின் மார்க் வந்தது. எனக்கு அறுபத்தெட்டு. நொயெமிக்கு எழுபத்தொன்பது. "இதுக்குத்தான் பாடம்னு பேரு. முதல்லயே நூறு வந்தா அப்புறம் என்னத்தக் கத்துக்கிறது?" என்று சார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளின் ஓரத்தில் என் ரேங்கைக் கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை ஆலோசகர் ஹாலிஸ் மிஸ்ஸின் அறைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் என் மார்க்குகளைப் போட்டுப் பார்த்தார்.

"வருஷ முடிவுல இதுல எண்பது வாங்கினாக்கூட நீ பதினேழு, பதினெட்டுக்குப் போயிடுவம்மா. இதே நேரத்துல உடல்நலப் பாடம் ஒண்ணு இருக்கு, கல்லூரிப் படிப்புலயும் சேர்த்துக்கிறது. கூடுதல் மதிப்பு அதேதான். அதுல யாரும் தொண்ணூத்தெட்டுக்குக் கீழ வாங்கினதில்ல."

"நீங்க என்ன சொல்றீங்க, மிஸ்?"

"எடுன்னும் சொல்ல மாட்டேன், விடுன்னும் சொல்ல மாட்டேன். மாத்தணும்னா நாளைக்குள்ள மாத்தணும். அவ்வளவுதான்." பிறகு திரையைப் பார்த்தபடியே, "அந்த வகுப்புல பத்து பேர்தான் இருக்கீங்க, இல்ல?" என்றார்.

"ஆமாம் மிஸ்" என்றேன். நான் போனால் ஒன்பதாகிவிடும் என்பது கேட்காமலே எனக்குப் புரிந்தது.

அப்பா சாத்துக்குடி, பம்ப்ளிமாஸ் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில் மேஸ்திரியாக இருந்தார். அன்று சாயங்காலம் தோர்த்தியா ரொட்டியில் பீன்ஸை வைத்துச் சுருட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அந்தப் பாடம் உனக்குப் பிடிச்சிருக்கா, மிஹா?" சின்ன வயதிலிருந்து என்னை மகளே என்று அப்படித்தான் கூப்பிடுவார்.

"பிடிச்சிருக்குப்பா."

கடைசி வாயை மென்று விழுங்கினார். "பிடிச்சதை ஆஸ்டின்ல போய்ப் படிச்சுக்கலாம். அங்க போகணும்ல முதல்ல?"

வெள்ளிக்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய் மாற்றிக்கொண்டேன்; புது வகுப்பு திங்கட்கிழமையிலிருந்துதான். அன்று முழுவதும் நொயெமி பக்கத்திலேயே இருந்தாள். சாயங்காலம் பேண்ட் பயிற்சிக்குப் போகும்போது எனக்கும் சேர்த்துப் புளிப் பாகு ஊற்றிய துருவல் ஐஸ் வாங்கித் தந்தாள். நான் தின்றேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் உடல்நலப் பாட வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் நொயெமி வந்து வாசலில் நின்றாள்.

"உடம்பு சரியில்லைன்னு நெனச்சேன்டி. சார் வந்து, ஒன்பது பேர்தான் இருக்கோம், வகுப்பை மூடிட்டாங்கன்னு சொன்னார். அப்பவும் போனது நீயா இருக்காது, வேற யாரோன்னுதான் எண்ணிப் பார்த்தேன். ரெண்டு தடவை எண்ணினேன்."

"நொயெமி, என் ரேங்க்..."

"தெரியும். உன் இடத்துல நான் இருந்தாலும் யோசிச்சிருப்பேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போக விட்டிருக்க மாட்ட."

"விட்டிருப்பேன்டி!" அவள் குரல் உடைந்தது. "விட்டுட்டு இன்னொருத்தரைத் தேடியிருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்துச்சு. ஒரே ஒரு ஆளு. எனக்குக் கிடைச்சிருக்க மாட்டாங்களா?"

கிடைத்திருப்பார்கள். அது எனக்கு அவள் சொல்லும்வரை தோன்றவே இல்லை. அவளுக்கு நான் செய்த கெடுதல் பாடத்தை விட்டது அல்ல, அந்த ஒரு நாளை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

மறுநாள் ஹாலிஸ் மிஸ்ஸிடம் போய்த் திரும்பவும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன். தேதி முடிந்துவிட்டது, சாருக்கு ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்தாகிவிட்டது என்றார். அந்த நேரத்துக்கு நொயெமியை அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் பிரித்துக் கொடுக்கிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு வந்து சாரிடம் தனியாகப் படித்தாள். டிசம்பரில் சார் சான் அந்தோனியோவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். மே மாதம் அவள் தானே படித்து அந்த இயற்பியல் பாடத்துக்கான பொதுப் பரீட்சையை எழுதினாள். தேறவில்லை.

எங்களுக்குள் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பார்த்தால் சிரிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் பேண்ட் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

வருட முடிவில் என் ரேங்க் பதிமூன்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஆஸ்டினிலிருந்து கடிதம் வந்த அன்று அப்பா கொட்டகையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். நொயெமி வெளி மாநிலத்தில் நீரியல் படிக்க மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தாள். இயற்பியல் இல்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போயிருந்தது. மூன்றிலும் இல்லை என்று வந்தது.

ஆஸ்டினில் முதல் பருவத்தில் இயற்பியல் எடுத்தேன். அறையில் முந்நூறு பேர். முதல் தேர்வில் நாற்பத்தொன்று. இரண்டாவதில் முப்பத்தாறு. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் இதைப் பள்ளியிலேயே படித்திருந்தார்கள். அக்டோபரில் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். இந்த முறை பாடத்தை விடுவதற்கு எனக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. இப்போது டாலஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நல்ல வேலை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது பாசன அலுவலகத்துக்குப் போனேன். நொயெமி அங்கே தண்ணீர் கேட்டு விவசாயிகள் கூப்பிடும் போனை எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளூர்க் கல்லூரியில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு நின்றுவிட்டாளாம்.

"இடாலியா!" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பள்ளியில் என்னை அவள் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அப்பா எப்படி இருக்கார்? டாலஸ்ல குளிராமே?"

"நொயெமி, அந்த வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு எடுத்தாள். யாரோ கரும்புக்குத் தண்ணீர் கேட்டார். எந்த மதகு, எத்தனை ஏக்கர் என்று கேட்டவள், தாளைக்கூடப் பார்க்காமல் மனதிலேயே கணக்குப் போட்டு, "புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு உங்க வயலுக்கு வந்துடும், பதினெட்டு மணி நேரம் ஓடும்" என்றாள். வைத்ததும் மறுபடி அடித்தது. அதற்குப் பிறகு இன்னொன்று.

கையைத் தூக்கி, வருகிறேன் என்று காட்டினேன். அவள் போனைக் காதில் வைத்தபடியே தலையசைத்தாள். நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அவள் பேச்சு முடிந்து வெளியே வருவாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.