நாற்பத்தொன்றாம் அடைப்பின் ஈரல்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். நான் சொல்வது இலக்கியப் பொய்யை அல்ல. சென்ற ஜூன் மாதம், பட்டி அலுவலகத்தில், எல்வின் பென்னர் என்ற என் சிநேகிதனிடம் நான் சொன்ன நான்கு வார்த்தைப் பொய். அதை அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களும் நானும் இப்போது வேறு ஏதாவது உருப்படியான வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

மேற்குக் கான்சாஸில் மார்ச் மாதத்துப் பனிப்புயல் என்பது

(நிறுத்திவிட்டேன். வானிலை அறிக்கை கேட்கவா வந்தீர்கள்?)

இரண்டாவது:

ட்வைலா இறந்துபோன வருஷம்தான் எல்வின் தன் காளைகளை முதன்முதலாக எங்கள் பட்டிக்கு அனுப்பினான்.

இதைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் ஓட்டினேன். நன்றாகவே வந்தது. எனக்கே கண் கலங்கியது. ஒரே ஒரு சிக்கல், எல்வினின் மனைவி ட்வைலா சாகவில்லை. போன சனிக்கிழமைகூடக் கடையில் எனக்கு முன்னால் நின்று, உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்கினாள். கதை உருக்கமாக இருக்கட்டும் என்றுதான் அவளைக் கொன்றேன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. செத்தவள் போன் செய்ய மாட்டாள். உயிரோடு இருப்பவள் செய்வாள். நேற்றுச் செய்தாள்.

அந்தப் போன் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

3

என் பெயர் நார்பர்ட். மாடுகளைக் கொழுக்க வைத்து இறைச்சிக்கு அனுப்பும் பட்டியில் பத்தொன்பது வருஷமாகத் தொட்டி பார்க்கிறேன். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அடைப்பாகப் போய், நேற்றுப் போட்ட தீனி தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, இன்றைக்கு எவ்வளவு போடுவது என்று எழுத வேண்டும். மிச்சம் இருந்தால் குறைக்க வேண்டும். நக்கித் துடைத்திருந்தால் கூட்டலாமா என்று யோசிக்க வேண்டும். வேலை என்பது அந்த யோசனைதான். சும்மா கூட்டிக்கொண்டே போவதற்கு ஆளே தேவையில்லை.*

* மக்காச்சோளம் மாட்டுக்கு ருசி, அளவு மீறினால் விஷம். வயிறு புளித்து, உப்பி, சாகும். சாகாமல் தப்பியது தீனியைக் கண்டாலே பின்வாங்கும், அதன் ஈரலில் சீழ் கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எல்வினும் ட்வைலாவும் கன்றுகளைப் பால் மறந்ததும் விற்றுவிடுகிறவர்கள். வாங்கியவன் கொழுக்க வைத்தானா, கறி எப்படி இருந்தது, எதுவும் அவர்கள் காதுக்கு வராது. மந்தையை வளர்த்தது ட்வைலா. எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்று இருபத்தாறு வருஷம் நோட்டுப் போட்டுச் சேர்த்தவள். அவளுக்குத்தான் அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. போன வருஷம் நவம்பரில் காயடித்த காளைகள் எண்பத்தெட்டையும் விற்காமல், தங்கள் பெயரிலேயே எங்கள் பட்டிக்கு அனுப்பினார்கள். நாற்பத்தொன்றாம் அடைப்பில் விட்டோம்.

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு மார்க் ஷீட்டே வாங்கிப் பாக்காத அப்பன் மாதிரி இருந்துட்டேன்ப்பா இத்தனை நாளா" என்றான் எல்வின், வேலியில் சாய்ந்துகொண்டு.

"அப்பன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? மார்க் எனக்கு" என்றாள் ட்வைலா. "தோலை உரிச்சா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும், நார்பர்ட். கொழுப்பு கறிக்குள்ள இழையா ஓடியிருக்கா, இல்ல வெறும் முதுகுல அப்பியிருக்கா, எல்லாம் எழுத்துல வேணும்."

"நல்லா வரலைன்னா?" என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"மந்தைய வித்துட வேண்டியதுதான். இருபத்தாறு வருஷமா தப்பாவே பொறுக்கியிருக்கேன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குக் கட்டிட்டு அழணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ட்வைலா சொன்னால் செய்கிறவள்.

4

இனி வருவதை நான் பலமுறை பூசி மெழுகி எழுதிப் பார்த்துவிட்டேன். ஒரு வடிவத்தில் தீவன வண்டி ஓட்டியவன் மேல் பழி போட்டேன். இன்னொன்றில் எடை இயந்திரம் கெட்டுப்போயிருந்தது. இந்த வடிவத்தில் யாரும் இல்லை, நான்தான்.

நாற்பத்தொன்று பட்டியிலேயே முதலாவதாக வர வேண்டும் என்று எனக்கு ஆசை. சிநேகிதன் மாடு. தினமும் மற்ற அடைப்புகளில் வண்டியிலிருந்தே எட்டிப் பார்க்கிறவன், அங்கே மட்டும் இறங்கி நிற்பேன். மார்ச் இரண்டாம் வாரம், இரண்டு நாள் தொடர்ந்து தொட்டி துடைத்து வைத்தது போல் இருந்தது. இரண்டு நாளும் கூட்டி எழுதினேன். இரண்டாம் நாள் மேனேஜர் டேரல் கூப்பிட்டான்.

"நாப்பத்தொண்ணுக்கு மறுபடி கூட்டியிருக்கே. வெளிய வானத்தப் பாத்தியா?"

"பசியா இருக்கு டேரல். நக்கித் தள்ளியிருக்கு."

"புயல் வருதுன்னா எல்லா மாடும்தான் அள்ளித் திங்கும். அது பசியா? மத்த அடைப்புக்கெல்லாம் நீயே கூட்டாமத்தானே விட்டிருக்கே?"

"இது எல்வின் மாடு."

"எல்வின் மாட்டுக்கு மட்டும் என்ன, தனியா ஒரு வயிறு வச்சிருக்கா?"

அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? முதல் வருஷம் வேலைக்கு வருகிறவனுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கூட்டியதைக் குறைக்கவில்லை.

அன்று மாலை பனி இறங்கியது. இரண்டு நாள் தீவன வண்டி நகரவில்லை. மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் வழி வெட்டி உள்ளே போனதும், எல்லா அடைப்புக்கும் தீனியைப் பாதியாக்கி, காய்ந்த புல்லை அதிகம் கலக்கச் சொன்னேன். அப்படித்தான் செய்ய வேண்டும். நாற்பத்தொன்றுக்கு மட்டும் முழு அளவு எழுதினேன். இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டதே, எடை போய்விடுமே, எல்வின் வந்து பார்த்தால் என்ன நினைப்பான்—

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். முடித்தால் என்னை நல்லவனாக்கிவிடும்.)

மறுநாள் காலை மூன்று காளைகள் வயிறு பீப்பாய் போல உப்பி, கால்களை நீட்டிக் கிடந்தன. மற்றவை தொட்டியைப் பார்த்தபடி தள்ளி நின்றன. அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு நாள் தின்னும், இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

"எல்வின்கிட்ட என்ன சொல்லப் போறே?" என்றான் டேரல்.

"புயல்ல மூணு போச்சுன்னு."

"எல்லாருக்கும்தான் ரெண்டு மூணு போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் எழுதிய தாளை மடித்து மற்ற தாள்களோடு வைத்தான். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

5

ஜூனில் இறைச்சி ஆலையிலிருந்து அறிக்கை வந்தது. எல்வினும் ட்வைலாவும் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை.

எண்பத்தைந்தில் முப்பத்தொன்றுதான் 'சாய்ஸ்' தரம். அறுபது வந்தால் சுமார் என்போம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே, கொழுப்பு ஓடாத வெறும் சிவப்பு. உரித்த உடலின் எடையும் குறைவு. ட்வைலா ஒவ்வொரு வரிக்கும் தன் நோட்டைத் திறந்து, காது எண்ணைப் பார்த்து, தாய்ப் பசு எது, தகப்பன் எது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதியில் நோட்டை மூடிவிட்டாள்.

எல்வின்தான் கடைசிப் பத்தியில் கை வைத்தான். "இது என்னப்பா? ஈரல்னு போட்டு முப்பத்தி நாலு கழிச்சிருக்கான்?"

நன்றாகக் கவனியுங்கள். பட்டியில் வேலை பார்த்தவன் யாராக இருந்தாலும் அந்த ஒரு பத்தியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான், மாட்டின் மேல் குற்றமில்லை, தீனி போட்டவன் மேல்தான் என்று. உண்மை அச்சடித்து அவன் விரலுக்கு அடியிலேயே கிடந்தது.

"அது எல்லா மந்தையிலயும் வர்றதுதான்" என்றேன்.

"ஓ" என்றான் எல்வின். விரலை எடுத்துக்கொண்டான்.

"அப்ப ரத்தத்துலயே இல்ல" என்றாள் ட்வைலா. யாரிடமும் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

6

எல்வின் இவ்வளவு அப்பாவியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு மாட்டு டாக்டரைக் கேட்டிருக்கக் கூடாதா? ஒரு வடிவத்தில் அவனைக் கஞ்சனாக, வாய்த்துடுக்கு உள்ளவனாக மாற்றிப் பார்த்தேன். நீங்கள் அவனுக்காக அதிகம் வருந்த மாட்டீர்கள், எனக்கும் பாரம் குறையும். இரண்டு பக்கம் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை என்றால், அறிக்கை வந்த மறுவாரம் அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். கையில் காட்டு ப்ளம் ஜாம், இரண்டு ஜாடி.

"ட்வைலா குடுத்தா. புயல் நேரத்துல நீ எங்க மாட்ட மட்டும் தனியா கவனிச்சியாமே, டேரல் சொன்னான்."

டேரல் அதை எந்த அர்த்தத்தில் சொன்னானோ தெரியாது. நான் ஜாடிகளை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன். இதையெல்லாம் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

7

அக்டோபரில் பசுக்களை ஏலத்தில் விற்றார்கள். நூற்றுப் பதினான்கு. நான் போகவில்லை, முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். பதினோரு கிடேரிகளை மட்டும் ட்வைலா கொடுக்காமல் நிறுத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். இருபத்தாறு வருஷத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

நேற்றைய போன் அதைப் பற்றித்தான்.

"நார்பர்ட், நாளன்னிக்கு, வியாழக்கிழமை, காலைல எட்டு மணிக்கு ட்ரெய்லர் வரச் சொல்லியிருக்கார் இவர். இந்தப் பதினொண்ணையும் அனுப்பிட்டா மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாங்கிறார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொன்னதுக்குத்தான் மார்க் வந்திருச்சே." சிரித்தாள். பிறகு, "இல்ல, ஒண்ணு கேக்கணும்னுதான். அந்த மாடுங்களத் தினமும் கண்ணால பாத்தது நீங்க ஒருத்தர்தான். நெசமாவே அதுங்க அவ்வளவு மோசமா? உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா அனுப்பிடுவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? சரி, நாளைக்குள்ள சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

யோசிக்க உட்கார்ந்தவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

8

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: எல்வின் தானாகவே ஒரு மாட்டு டாக்டரிடம் அறிக்கையைக் காட்டுகிறான், அவர் ஈரல் பத்தியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. நான் வாயைத் திறக்காமலே உண்மை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

இரண்டு: விற்ற பசுக்களின் கன்றுகள் எவனோ ஒருவனின் பட்டிக்குப் போகின்றன. அங்கே ஒழுங்காகத் தொட்டி பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். எண்பது சதவீதம் சாய்ஸ் வருகிறது. வாங்கியவன் தன் கெட்டிக்காரத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறான். இது முடிவுகூட இல்லை, அநேகமாக நடக்கப் போவது.

மூன்று: நான் போனை எடுக்கிறேன். "ட்வைலா, மாட்டுல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது" என்கிறேன். பிறகு

(பிறகு என்ன சொல்வாள் என்று எழுத வரவில்லை. நாலு தடவை முயன்றேன். திட்டுவாள் என்றால் தாங்கிக்கொள்வேன். "நூத்திப் பதினாலும் போனப்புறம் சொல்றீங்களே" என்று மெதுவாகக் கேட்டுவிட்டால்?)

இப்போது புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. ட்வைலாவின் வீடு எட்டு மைல். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் காகிதத்தைத்தான் எடுத்தேன். உங்களுக்கு எல்வினைத் தெரியாது, ட்வைலாவை எந்தக் கடையிலும் பார்க்க மாட்டீர்கள். உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் இதை வாசிக்கும்போது வியாழக்கிழமை தாண்டிப் போயிருக்கும். அந்தப் பதினோரு கிடேரிகள் எங்கே நிற்கின்றன என்று எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியாது. நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ட்வைலாவிடம் சொல்லி முடித்தவன், இதை உங்களிடம் கொண்டுவந்து சொல்லியிருப்பானா?