வலது இருக்கையின் எடை

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் கெட்ட செய்தி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அமீரா ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது நாகூரில் பெரியத்தா மௌத்தாகி, அடக்கமும் முடிந்தது. கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த பிறகுதான் சொன்னார்கள். ஓ லெவல் பரீட்சை சமயத்தில் அம்மாவுக்கு ஓர் ஆபரேஷன். "அம்மா பொங்கோல்ல சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு, அத்தா ஐந்து நாள் முட்டை பொரித்துப் போட்டார். இதில் தப்பு இருப்பதாக அவர்கள் யாரும் நினைத்ததில்லை. நம் வீடுகளில் யார்தான் நினைக்கிறோம், சொல்லுங்கள்.

இந்த முறை பரீட்சை வானத்தில்.

அமீராவுக்கு இருபத்து மூன்று வயது. ஜோகூர் பக்கம் ஒரு விமானப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே விடுதி. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லைப் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வந்து, ரயில் பிடித்து, தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒன்பதாம் மாடி வீட்டுக்கு வருவாள். முதல் உரிமத்துக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால் பயணி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறக்கலாம். முதல் பயணி யார் என்பது அவள் பள்ளியில் சேர்ந்த அன்றே முடிவாகிவிட்டது.

அத்தா அப்துல் முத்தலிப் சாங்கி விமான நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் பெட்டி ஏற்றினவர். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து குனிந்து போய் வந்தவர். விமானி உட்காருகிற இடத்தைக் கீழே இருந்து, கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார். "ஒரு தடவ முன்னாடி உக்காரணும் மா, அது போதும்" என்பார்.

பிப்ரவரியில் அவருக்குக் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். ஆறு மாதம் என்றார் டாக்டர், அதுவும் தயங்கித் தயங்கி. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவர் மனைவி சாயிரா பானுவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"டெஸ்ட் முடியட்டும். அவ பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன். அப்புறம் நானே சொல்றேன்."

சாயிரா பானு தலையாட்டினாள். வீட்டில் இருந்த எடை மெஷினைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள்.

ஏன் எடை மெஷின் என்று கேட்பீர்கள். சின்ன விமானத்தைக் கிளப்புவதற்கு முன் ஒரு தாள் எழுத வேண்டும். விமானி எத்தனை கிலோ, பக்கத்து இருக்கையில் எத்தனை, பின்னால் எத்தனை, எண்ணெய் எத்தனை, பை எத்தனை. எல்லாவற்றையும் கூட்டினால் மட்டும் போதாது. அந்தக் கனம் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். மூக்குப் பக்கம் கூடினால் ஒரு தொல்லை, வால் பக்கம் கூடினால் அதைவிடப் பெரிய தொல்லை. அமீரா பயிற்சிக்காக அந்தத் தாளை நூறு தடவையாவது எழுதியிருப்பாள். ஒவ்வொன்றிலும் வலது இருக்கை அத்தாவுக்குத்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தா, உங்க வெயிட் என்ன?"

"அறுபத்தெட்டு."

"ஜனவரிலயும் அதான் சொன்னீங்க."

"ஜனவரிலயும் நான்தானே இருந்தேன்."

"பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்க."

"சுகருக்குச் சோத்தக் குறைக்கச் சொன்னாரு லா டாக்டர். வயிறு மட்டும் உள்ள போயிருச்சு. வெயிட் அப்படியே இருக்கு."

"அது எப்படி?"

"பெட்டி தூக்குன எலும்பு மா இது. கனம் எல்லாம் அங்கதான்."

அவள் சிரித்துவிட்டாள். சட்டைக்குள் அவர் இன்னொரு சட்டை போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. மெஷின் எங்கே என்று கேட்டாள். பாட்டரி போய்விட்டது என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அறுபத்தெட்டு என்று எழுதினாள்.

தேர்வு மே மாதம் பதினான்காம் தேதி. அதற்கு முந்தின வாரம் முழுக்க, மாலை ஆறு மணிக்கு அவள் போன் செய்வாள். கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி ஒரு கட்டாக வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். அத்தா எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். பதில் சரியா என்று அவருக்குத் தெரியாது. பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பார்.

"எஞ்சின் நின்னு போச்சு. என்ன செய்வ?"

"முதல்ல வேகத்தப் பிடிப்பேன். அப்புறம் எறங்க எடம் பாப்பேன். அதுக்கப்புறம்தான் ஏன் நின்னுச்சுன்னு தேடுவேன்."

"கரெக்ட். பகல்ல எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கணும்?"

"போய்ச் சேந்த பிறகும் அரை மணி நேரம் பறக்குற அளவு."

"கரெக்ட். அடுத்தது..." அவர் நிறுத்தினார். வலி வரும்போதெல்லாம் அப்படி நிறுத்துவார். அவர் அட்டையைத் தேடுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். "அடுத்தது, நீ பறக்கத் தகுதியான்னு உன்னையே கேளு. உடம்பு?"

"நல்லா இருக்கு."

"மருந்து?"

"இல்ல."

"தூக்கம்?"

"ஏழு மணி நேரம்."

"மனசுல ஏதாச்சும் பாரம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல அத்தா."

"நல்லது" என்றார். அந்த ஒரு அட்டையை மட்டும் அவர் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

பதினான்காம் தேதி காலை, பரிசோதகர் கேப்டன் சுந்தரம் அவளை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். ஐம்பது தாண்டியவர், குரல் உயராத மனிதர். பயணி ஒருவரோடு போவது போல ஒரு பயணத்தைத் திட்டமிட்டு வரச் சொல்லியிருந்தார். எடைத் தாளில் விரலை வைத்தார்.

"இந்த அறுபத்தெட்டு யாரு மா?"

"எங்க அத்தா, சார்."

"மெஷின்ல நிக்க வச்சியா, கேட்டு எழுதுனியா?"

"கேட்டு எழுதினேன்."

"ஆளுங்க எடையில பொய் சொல்லுவாங்க. கம்மியா சொல்லுவாங்க. முடிஞ்ச வரைக்கும் நிக்க வச்சுப் பாத்துரு." அவ்வளவுதான். அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கேள்வி நேரம் முடிந்தது. இனிப் பறப்பதுதான் பாக்கி. இருவரும் வெளியே வந்தார்கள். ஓடுபாதைக்கு மேலே வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கே, சுமத்ரா பக்கமிருந்து, ஒரு கறுத்த மேகச் சுவர் அடிவானம் முழுக்க எழும்பி நின்றது. அமீரா வானிலை அறிக்கையைத் திரும்பவும் பார்த்தாள். மேகம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், வராமல் தெற்கே திரும்பியும் போகலாம். தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

"நீதான் கேப்டன். என்ன செய்யலாம்?" என்றார் சுந்தரம்.

அவள் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வேணாம், சார்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "ஜூன் மூணாந்தேதி காலி இருக்கு" என்றார். ஐம்பது நிமிடத்தில் மழை ஓடுபாதையை மறைத்தது.

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். தள்ளிப் போனதைச் சொன்னாள்.

"அத்தா?"

"இருக்கேன் மா. சரியாத்தான் செஞ்சிருக்க. மூணாந்தேதி போலாம்."

போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து அவர் நாளை எண்ணினார். இருபது. சாயிரா பானு, "நான் அவகிட்ட சொல்லிர்றேங்க" என்றாள்.

"சொன்னா அடுத்த தடவ மேகத்தப் பாக்க மாட்டா. என்னத்தான் பாப்பா" என்றார் அவர்.

பத்தொன்பதாவது நாள் அவர் குளியலறையில் விழுந்தார்.

ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே டாக்சியில் போகும்போது சாயிரா பானு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். மறுநாள் பரீட்சை. அந்த வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைக் காத்தவளே அவள்தான். டாக்சி லாவண்டரைத் தாண்டும் வரை பொறுத்தாள். பிறகு மகளை அழைத்து, "வா மா" என்று மட்டும் சொன்னாள்.

அமீரா கேப்டன் சுந்தரத்துக்கு ஒரு வரி அனுப்பினாள்: நாளை நான் பறக்கத் தகுதியான நிலையில் இல்லை, சார். பாலத்தில் அன்று இரண்டு மணி நேர நெரிசல். பேருந்தை விட்டு இறங்கி, வெயிலில், மற்றவர்களோடு சேர்ந்து நடந்தே கடந்தாள்.

மருத்துவமனை அறைக்குள் அவள் நுழைந்தபோது, மருந்தின் அளவுக்காக எடை காட்டும் கட்டிலில் படுத்தபடியே நர்ஸ் அவர் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸிடம் எழுதச் சொன்னாள்: "ஃபார்ட்டி சிக்ஸ்."

அமீரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெறும் ஒற்றை ஆஸ்பத்திரி அங்கிக்குள் அத்தா கிடந்தார். எலும்பு எல்லாம் தெரிந்தது. அதில் கனமே இல்லை.

நர்ஸ் போன பிறகு கேட்டாள். "எப்பலேர்ந்து, அத்தா?"

"பிப்ரவரி."

"அன்னைக்கே சொல்லியிருந்தா..." கட்டிலோரம் உட்கார்ந்தாள். "பதினாலாந்தேதி நான் போயிருப்பேன். எப்படியாச்சும் பறந்து, பாஸ் பண்ணி, உங்களக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்" என்றார் அவர். "அதான் சொல்லல."

அவள் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"முன்னாடி உக்காந்தா எதெல்லாம் தெரியும்?"

அவள் சொன்னாள். ஓடுபாதை முடிகிற இடத்தில் செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாக வரும் என்றாள். பிறகு ஆறு, பிறகு கடல், வானம் நன்றாக இருந்தால் தெற்கே நம் ஊர்க் கட்டடங்கள் தீக்குச்சி மாதிரி நிற்கும் என்றாள். அவர் தலையை வலப்பக்கம் திருப்பி, ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஜூன் ஐந்தாம் தேதி விடிகிற நேரத்தில் அவர் போய்விட்டார். அன்று அஸர் தொழுகைக்கு முன்பே சுவா சூ காங்கில் அடக்கம் செய்தார்கள். அமீரா வீட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம் அவள் தேர்வுக்குப் போனாள். கேப்டன் சுந்தரம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். உடம்பு, மருந்து, தூக்கம்.

"மனசு?"

"பாரம் இருக்கு, சார். ஆனா அது என்னன்னு எனக்குத் தெரியும். பறக்கலாம்."

அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வானம் அன்று துடைத்து வைத்தது போல் இருந்தது. அவள் தேறினாள்.

உரிமம் கைக்கு வந்தும் அவள் யாரையும் ஏற்றவில்லை. சாயிரா பானு இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் அல்லவா. அக்டோபரில் அது முடிந்தது. அடுத்த ஞாயிறு அம்மாவைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனாள்.

பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து எடைத் தாளை எடுத்தாள். தன் எடை, எண்ணெய், பை. வலது இருக்கைக்கு வந்தபோது கை தானாக அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டது. பேனாவை வைத்தாள். பிறகு அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"புதுத் தாள் எடுத்துக்கலாமே" என்றாள் அம்மா.

"எங்க தொழில்ல இப்படித்தாம்மா. அழிச்சு எழுதக்கூடாது. மொதல்ல என்ன இருந்துச்சுன்னு கீழ தெரியணும்." பேனா முனையைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க வெயிட் என்ன?"

"அறுபத்திரண்டு" என்றாள் சாயிரா பானு, தயங்காமல்.

அமீரா அதை எழுதினாள். எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தொளதொளவென்ற அங்கி. முக்காட்டுக்கு வெளியே தெரிந்த கழுத்து. அடுத்த மாதம் அமீராவுக்கு அடுத்த கட்டப் பரீட்சை.

"அம்மா, செருப்பக் கழட்டிட்டு இதுல ஏறுங்க."

அலுவலக மூலையில் எடை மெஷின் இருந்தது. அம்மா போகவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதுக்குமா, சொன்னேனே" என்றாள். அமீரா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றினாள். முள் ஆடி நின்றது. ஐம்பத்தொன்று.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தனியா இருக்கப்ப சோறு எறங்க மாட்டேங்குது மா" என்றாள் சாயிரா பானு, கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல. நோய் ஒண்ணும் இல்ல. அத்தா மேல சத்தியமா."

அமீரா மேசைக்குத் திரும்பினாள். அறுபத்திரண்டின் மேல் ஒரு கோடு, ஒரு கையெழுத்து. ஐம்பத்தொன்று. ஒரே வரிசையில் மூன்று எண்கள்.

வெளியே காற்று இல்லை, மேகம் இல்லை. விமானம் எண்ணெய் நிரப்பித் தயாராக நின்றது. அவள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவை முதலில் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். இரண்டு தட்டு நாசி லெமாக் வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மெதுவா சாப்பிடுங்க" என்றாள். "ப்ளேன் நிக்கும்."