கழுத்து மாறிய கொடி

துஷாந்தன் காலையில் எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவான். பாணில் மாஜரீன் பூசித் தின்பான். சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவான். குடியேறிய பனிநாட்டில், சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் உடன் வேலை செய்கிறவர்கள் அவனைக் குளிர் தாங்காத ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். ஜூலை வெயிலிலும் பூட்டியிருப்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

பொத்தானுக்குக் கீழே கிடப்பது அவன் மனைவி தக்ஷினியின் தாலிக்கொடி. அவள் இறந்து ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது.

அவளுக்கு வந்தது அபூர்வமான கட்டி. பயந்தால் ஊறுகிற ஹார்மோனை அது பயமில்லாமலே சுரந்தது. சும்மா நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். வேர்த்துக் கொட்டும்.

“மட்டக்களப்பில ஷெல் விழக்குள்ள பயப்படாதவள், இஞ்ச கரட் வெட்டக்குள்ள பயப்புடுறன்,” என்று சிரிப்பாள்.

வெட்டி எடுத்தால் பிழைப்பாள். ஆனால் கட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கதிர்வீச்சு மருந்து ஏற்றினார்கள். அது கட்டியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும்.

“இண்டைக்கு ராவைக்கு லைட் போடத் தேவல்ல,” என்றாள் தக்ஷினி.

மறுநாள் காமெரா அறையில், படமெடுக்கும் பெண் கத்தரின், தக்ஷினியின் கொடியைச் சுட்டிக் காட்டினாள். பொன்னுக்குப் பின்னால் இருப்பதைக் காமெரா பார்க்காதாம். கழற்றி உறையில் போடச் சொன்னாள்.

“கழுத்துல கிடக்கிறது கழுத்துலதான் கிடக்கோணும்,” என்றாள் தக்ஷினி. பிறகு கணவனைப் பார்த்தாள். “இஞ்சேருங்க, குனியுங்க.”

“எனக்கா?”

“பின்ன, கத்தரினுக்கா?”

கொடி அவன் கழுத்தில் விழுந்தது. அது மனைவி கழுத்தில் கிடக்கிற கலியாணக் கொடி என்று தக்ஷினி விளக்கியதும் கத்தரின் கைதட்டி, “வாழ்த்துக்கள், மதாம்!” என்றாள் அவனிடம்.

தக்ஷினி படுத்துக்கொண்டே குலுங்கினாள். “கலியாணத்தண்டு கூட நீங்க இப்பிடி வெக்கப்படல்ல.”

“அசையக் கூடாது! எனக்குப் படம் வேண்டும், நடனம் இல்லை,” என்று கத்தரின் அதட்டினாள். இரண்டு தரம் எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டி அகப்பட்டது. நெஞ்சுக்குள், சரியாகத் தாலி கிடக்கும் இடத்துக்குப் பின்னால், கறுப்பாக ஒரு பொட்டு. இதயத்தை ஒட்டி இருந்தது. அன்று வரும் வழியில் இருவரும் ஐஸ்கிறீம் குடித்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அறுவை மேசையில் ஏறிய இரத்த அழுத்தம் இறங்கவில்லை. அவள் திரும்பி வரவில்லை.

அறுவைக்குப் போன அன்று காலையும் கொடி அவன் கழுத்துக்குத்தான் மாறியிருந்தது. தள்ளுகட்டில் கதவுக்குள் நுழையும்போது தலையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:

“கழட்டிராதீங்க. நான் வந்துதான் கழட்டுவன்.”